படிக்கட்டின் இரண்டு பக்கம்

கருப்பம்மா பிறந்தது மண்டபம் முகாமில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த அவள் தாய்க்கு, இறங்கிய சில நாளிலேயே வலி கண்டுவிட்டது. எந்த ஊர்க்காரி என்று கருப்பம்மாவை யாராவது கேட்டால், "குன்னூர்க் கல்படிக்காரி" என்று சட்டென்று சொல்வாள். அதற்கு மேல் கேட்கக் கூடாது.

கல்படி என்பது குன்னூர் மலைச்சரிவில் ஏறும் ஒரு படிக்கட்டு. இரண்டு பக்கமும் வீடுகள். வண்டி வராது. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. சுமையோடு வருகிறவர் அடிப்படியில் நின்று குரல் கொடுப்பார். முதலில் காதில் விழுந்தவர் இறங்கி வந்து பாதியை வாங்கிக்கொள்வார். பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும் பாதி பாதிதான். வேண்டுமானால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கலாம்.

எஸ்டேட்டில் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்த பிறகும் கருப்பம்மாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. படிக்கு விளக்கு வேண்டுமென்றால் நகராட்சி வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். பிரசவ வலி வந்த பெண்ணை நாற்காலியில் வைத்து இறக்கினால் முன்னால் பிடிப்பது அவள்தான். ஒருமுறை மழையில் வழுக்கியபோது, பிள்ளைத்தாய்ச்சியை விடாமல் தன் கையை ஒடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை: படி நெடுகக் கைப்பிடிக் கம்பி.

"நீங்களே கவுன்சிலருக்கு நில்லுங்கக்கா" என்றாள் எதிர்ப்பக்கத்துப் பாப்பம்மாள். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து பெட்டிக்கடை வைத்திருப்பவள். "ரெண்டு பக்கத்து ஓட்டும் உங்களுக்குத்தானுங்க. வேற யாருக்குப் போடப்போறோம்?"

அந்த நேரம் பார்த்துத்தான் வார்டு எல்லையைத் திருத்தினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் வரைபடத்தில் படிக்கட்டைப் பார்த்திருக்கிறார். கோடு போட வசதியாக இருந்திருக்கிறது. இடப்பக்கம் ஒரு வார்டு, வலப்பக்கம் இன்னொரு வார்டு என்றாகிவிட்டது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கருப்பம்மா எழுந்து, "ஐயா, அது எல்லை இல்லைங்க, எங்க வாசல்" என்றாள். அதிகாரி தலையாட்டினார். தலையாட்டியதோடு சரி.

ஆனாலும் தன் வீடிருந்த இடப்பக்க வார்டில் சுயேச்சையாக நின்றாள். வாக்குப்பதிவன்று வலப்பக்கத்துப் பெண்கள் நல்ல சேலை உடுத்திக்கொண்டு, எப்போதும் ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்துக்கே வந்து வரிசையில் நின்றார்கள். கோடு போட்டது அவர்களுக்குத் தெரியாமலில்லை. நேரில் போய்க் கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினார்கள், பாவம். விடவில்லை. வேறு வாக்குச்சாவடிக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கருப்பம்மா தோற்றாள். எதிர்ப்பக்கத்து வீடுகளில் நாலு சேர்ந்திருந்தால் ஜெயித்திருப்பாள்.

எண்ணிக்கை முடிந்து திரும்பும் வழியில் ரேஷன் கடை திறந்திருந்தது. தோற்றவளும் உலை வைக்கத்தானே வேண்டும்? அரிசிப் பையோடு அடிப்படிக்கு வந்து நின்றாள். குரல் கொடுக்கவில்லை. கம்பி போட்டுத் தருகிறேன் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். ஒடிந்து கூடிய கையில் பையை மாட்டிக்கொண்டு தனியாகவே ஏறத் தொடங்கினாள். கல்படியில் அவள் அப்படி ஏறியதே இல்லை.

"ஏனுங்கக்கா, கூப்பிட மாட்டீங்களா?" பாப்பம்மாள் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி வந்தாள். பின்னாலேயே வலப்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள்.

"தோத்துப்புட்டேன் புள்ள. என்ன மொகத்த வச்சுக்கிட்டுக் கூப்புடுறது?"

"நீங்க மட்டுமா தோத்தீங்க? அந்தச் சாவடியில யாருக்குப் போட்டேன்னே எனக்குத் தெரியலீங்க. பாதி எங்களுதுதான், குடுங்க" என்று மை வைத்த விரலோடு பையின் ஒரு காதைப் பிடித்தாள் பாப்பம்மாள்.

அதுவரை அடக்கி வைத்திருந்த கருப்பம்மா அப்போது உடைந்து அழுதாள். பை ஒன்று, வந்தவர்கள் பலர். பிடிக்கப் பை கிடைக்காதவர்கள் படியோரமாக வரிசையாய் நின்று கையை நீட்டினார்கள். கருப்பம்மா ஒவ்வொரு கையாகப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் ஏறினாள்.