தின்னரும் வெயிலும் தின்றவை

உடைந்த பிளாஸ்டிக் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்குள் நுழைகிற எவரும், "நான் ஒண்டும் செய்யேல்லை, அது தானா உடைஞ்சது" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் குழாய், தாங்கி, படகுச் சாமான் விற்கிற எனக்கு அது காலை வணக்கம் மாதிரி. உங்கள் வீட்டிலும் ஒரு வாளியின் பிடி கையோடு கழன்று வந்திருக்கும். ஆகவே இந்தத் துன்பம் உங்களுக்கும் புதிதில்லை.

மினுக்கிய ஹெல்மெட்

பாலையூற்றிலிருந்து யோகநாதன் மாஸ்டர் ஒரு குழாய் வளைவு வாங்க வந்தார். மேசையில் வைத்த ஹெல்மெட் புதிதுபோல் மினுங்கியது. வீட்டு வாசல் படலைக்குப் பெயின்ற் அடித்தபோது அதில் தெறித்த துளிகளைத் தின்னர் போட்டுத் துடைத்ததாகப் பெருமையோடு சொன்னார். நான் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பட்டி பூட்டிய ஆணிகளைச் சுற்றி மயிரிழை போல வெடிப்புகள். தின்னர் பெயின்ற்றை மட்டும் கரைப்பதில்லை. சிலவகைப் பிளாஸ்டிக்குக்குள் இறங்கி, இறுக்கமாக இருக்கிற இடமாகப் பார்த்துப் பிளந்துவிடும்.

"மாஸ்டர், இனி இதைப் போடாதேங்கோ" என்றேன். "சும்மா பயப்பிடுத்தாதேங்கோ பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே போய், ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் கொழுவினார். அது வழுக்கி வாசல் சீமெந்தில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. மாஸ்டர் இரண்டு பாதிகளையும் பொறுக்கிப் பொருத்திப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நல்ல காலம், விழேக்க என்ர தலை உள்ளுக்க இருக்கேல்லை."

வெயில் படாத அறை

நசீர் நானா கிண்ணியாவில் குடிதண்ணீரை வடிகட்டி விற்கிறவர். ஒருநாள் மஞ்சளாகிப்போன ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கொண்டுவந்தார். விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. வெயிலில் கிடந்ததா என்று கேட்டேன். நாலு பக்கமும் சுவர், யன்னல்கூட இல்லாத அறை என்று அடித்துச் சொன்னார். நான் விற்ற பொருள் சரியில்லை என்று என்மேல் கோபம் வேறு.

நேரில் போய்ப் பார்த்தேன். தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்லப் பூட்டியிருந்த புறஊதாக்கதிர் விளக்கைத் தாங்கிப் பிடித்த பைப்பின் துண்டுதான் அது. வெளியே இருக்கிற வெயிலை விடப் பொல்லாத வெயில் அந்த விளக்குக்குள் இரவு பகலாக எரிந்துகொண்டிருந்தது. வெடிப்பால் கசிந்த தண்ணீர் மின்சாரப் பெட்டியின் அடிவரைக்கும் வந்திருந்தது. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தச் சொன்னேன். பிறகு, விளக்குக்குப் பிளாஸ்டிக்கை விட்டு உருக்குக் கூட்டுக்கு மாறும்படி சொன்னேன். நானா விளக்கை ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கிருமியக் கொல்லத்தான் இந்த லைட்டப் போட்ட, புள்ள, பைப்பையும் சேத்துக் கொல்லச் சொல்லி ஆரு சொன்ன?"

டிக், டிக்

நிலாவெளியிலிருந்து சுற்றுலாப் பயணிகளைத் தீவுக்கு ஏற்றிப்போகிற சிவராசா, ஒரு காலை அவசரமாக முச்சக்கரவண்டியில் வந்திறங்கினார். கையில் ஒரு லைஃப் ஜாக்கெட். அதில் ஒரு கிளிப் உடைந்திருந்தது. "ஒண்டு தாங்கோ அக்கா, சனம் கரையில நிக்குது" என்றார். நான் உடையாத மற்றக் கிளிப்பை இலேசாக அமுக்கினேன். பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. பட்டியை இழுத்தேன், அதன் நூலும் தும்புதும்பாக வந்தது.

எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டேன். உப்பு மணம் போகக் குளோரின் தண்ணீரில் ஊறவிட்டு, நாள் முழுக்க வெயிலில் கொழுவி வைப்பாராம். மனுசன் சுத்தக்காரர். குளோரினும் வெயிலும் சேர்ந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கின்றன. சிவராசா மனைவி சுமதிக்குப் போன் எடுத்து, மிச்ச ஜாக்கெட்டுகளின் கிளிப்புகளையும் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். கிளிப் முறிகிற சத்தம் போனுக்குள்ளால் எனக்கும் கேட்டது: டிக். பிறகு இன்னொரு டிக். பிறகு இன்னொன்று. நேற்றும் இவற்றைப் போட்டுத்தான் சின்னப்பிள்ளைகளை ஏற்றிப் போயிருக்கிறார்.

"போட்டை இறக்க வேண்டாம். இண்டைக்கு ஏலாதெண்டு வந்தவையிட்டச் சொல்லு" என்றார். கரையில் யாரோ கத்துவது கேட்டது. கொழும்பிலிருந்து இதற்காகவே வந்தவர்களாம். சுமதி குரலை உயர்த்தாமல் அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது முடியும்வரை சிவராசா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

புது ஜாக்கெட்டுகள் வந்து சேரும்வரை அவர் படகு கரையில்தான் கிடந்தது. பிறகொருநாள் சந்தைக்கு வந்த சுமதி கடைக்குள் எட்டிப் பார்த்தாள். தொழில் எப்படி என்று கேட்டேன். "தொழில் நல்லாப் போகுது அக்கா. ஆனா ஜாக்கெட்டில வெயில் படக்கூடாதெண்டு எல்லாத்தையும் என்ர அலுமாரிக்குள்ள அடுக்கிப்போட்டார். என்ர சாறியெல்லாம் இப்ப கொடியில காயுது!"

இத்தனை வருசத்தில் நான் கண்டது இதுதான்: இரும்பு துருவேறி முனகி முனகித்தான் சாகும், பிளாஸ்டிக்கோ 'நான் சுகமா இருக்கிறன்' என்று சொல்லிக்கொண்டே முறிந்துபோகும்.