அண்ணன் ஆடாமல் விட்டுப்போன முறை

எங்கள் வீட்டில் நாடு பிடிக்கும் ஆட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் ஆடும்போது மற்றவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் ஒன்றுதான், ஆடுகிறவர்கள் அண்ணனும் நானும். நகரம் கட்டுவது, வயல் உழுவது, கப்பல் விடுவது, பக்கத்து நாட்டின் மேல் படையெடுப்பது எல்லாமே முறை வைத்துத்தான். அவன் தன் முறையை முடித்துவிட்டு “ஆயிடுச்சி!” என்று குரல் கொடுப்பான். நான் உள்ளே போவேன், அவன் வெளியே வருவான். அடுத்தவர் திரையை எட்டிப் பார்த்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது.

வெளியே என்றால் பின்பக்கம். அங்கே ஒரு துணி துவைக்கும் கல், ஒரு முருங்கை மரம், தண்ணீர் மோட்டார். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பேன். “கால்ல என்னாடி சக்கரமா கட்டியிருக்கு?” என்று அம்மா திட்டுவாள். அண்ணனோ வெகுநேரம் எடுத்துக்கொள்வான். உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. ஏதோ பெரிய திட்டம் போடுகிறான் என்று நினைத்து இன்னும் வேகமாக நடப்பேன்.

அண்ணனுக்கு செம்மங்குப்பம் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. நான் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வீசிவிட்டு, “வாண்ணா, ஆடலாம்” என்பேன். அவன் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அப்போதெல்லாம் நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அவனுடைய ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். கல்லூரியில் எங்கள் வகுப்பு முழுக்க இதைப் பீற்றிக்கொண்டேன். வாய்க்குப் பூட்டுப் போடும் வழக்கம் எனக்கு அன்றைக்கும் இல்லை.

2007-இல் அவனுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று, பெட்டியைக் கட்டி வாசலில் வைத்த பிறகு, வந்து கம்ப்யூட்டரைப் போட்டான். என் முறையை நான் ஆடி முடித்திருந்தேன். அவன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒன்றும் ஆடாமல் அப்படியே சேமித்தான்.

“இப்ப என் மொற. லீவுல வந்து ஆடுறேன். தொடாத” என்றான்.

ஆட்டத்தை ஒரு பென் டிரைவிலும் போட்டுக்கொண்டான். அங்கே ரூமில் யாரிடமாவது கம்ப்யூட்டர் இருக்கும், வெள்ளிக்கிழமை லீவில் பழகிப் பார்ப்பேன் என்றான். ஷேர் ஆட்டோ தெருமுனையில் திரும்பிய பிறகும் நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஆட்டம் என்னுடைய பொறுப்பு ஆகிவிட்டது. யாரும் ஒப்படைக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அவன் வரும்போது அது ஓட வேண்டும். அவன் விட்ட இடத்தில், அவன் முறையில், அப்படியே இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியுமா? வைரஸ் வந்தது. கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அது படுத்தது. இன்னொரு தடவை போட்டார். மறுபடியும் படுத்தது. ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தின் ஃபோல்டரை முழுசாக வேறு சிடியில் எழுதி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றினேன். மூன்றாவது தடவை போனபோது கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே ஷட்டரை இறக்கிவிடுவார் போலிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் கூடப் படித்த பரங்கிப்பேட்டைத் தோழி ஒருத்தி விண்டோஸுக்குப் பதிலாகப் போடச் சொல்லி, கல்லூரி லேபில் இருக்கும் லினக்ஸை ஒரு சிடியில் கொடுத்தாள். அதைப் போட்டேன். கம்ப்யூட்டர் நோய்நொடி இல்லாமல் எழுந்து நின்றது. ஆட்டம்தான் ஓடவில்லை. அது விண்டோஸுக்காகச் செய்தது. லினக்ஸ் அதை யாரோ தெரியாத ஆளைப்போல வாசலிலேயே நிறுத்திவிட்டது.

“ஒயின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குடி. அதப் போட்டா விண்டோஸ் கேமெல்லாம் லினக்ஸ்ல ஓடும்” என்றாள் தோழி.

அதைப் போட்டேன். கறுப்பாக ஒரு சதுரம் வந்து உடனே மறைந்தது. “ஒயின் போட்டும் ஒண்ணும் வேல செய்யலடி” என்று நான் போனில் கத்தியதைக் கேட்டு, அம்மா கையில் மாவோடு வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

வீட்டில் இண்டர்நெட் இல்லை. எதைத் தேடினாலும் சிதம்பரத்தில், லேபில்தான். எங்கோ எந்த நாட்டிலோ இருக்கிற ஒருத்தர் இதே ஆட்டத்தை இதே லினக்ஸில் ஓட்டப் பார்த்து, தலையைப் பிய்த்துக்கொண்டு எழுதி வைத்திருப்பார். தட்ட வேண்டிய வரிகளைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு பஸ் ஏறுவேன். முட்லூரில் கூட்டம் ஏறும், புதுச்சத்திரத்தில் இன்னும் கொஞ்சம், ஆலப்பாக்கத்தில் பஸ் நின்றால் கிளம்பாது. வியர்வையில் எழுத்து அழிந்துவிடுமே என்று கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பேன். இறங்கி ஓடினால் பஸ்ஸுக்கு முன்னால் போய்விடலாம் என்றுகூடத் தோன்றும். வீட்டுக்கு வந்து தட்டினால் அந்த வரி வேலை செய்யாது. அல்லது செய்து, வேறு எதையாவது கெடுத்து வைக்கும்.

ஒருநாள் ஆட்டம் திறந்தது, ஆனால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அதைச் சரிசெய்தால் மவுஸின் அம்பு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. அதையும் விடுவித்தால், கடல் ரோஸ் நிறத்தில் வந்தது. காடு ஊதா. தேவனாம்பட்டினத்துக் கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ரோஸ் கடலைக் காட்டினால் எப்படி இருக்கும்! கீபோர்டைத் தூக்கி எறியப் போனேன்; அம்மா பிடித்துக்கொண்டாள்.

“அவன் வந்தா பேசிட்டு இருந்தா போதாதா? இது இன்னாத்துக்குடி?”

போதாது. போனில் பேசுவதுதான் இருக்கவே இருக்கிறது. சாப்பிட்டியா, அங்க வெயிலா, உடம்பு பரவாயில்லையா. அவன் கேட்பதும் நான் சொல்வதும் வாராவாரம் அதேதான். ஆட்டத்தில் மட்டும் அப்படி இல்லை. அங்கே அவன் என்னைத் தங்கச்சியாகப் பார்க்காமல் சமமான எதிரியாகப் பார்த்தான். அதை இழக்க எனக்கு மனசில்லை.

மார்கழிக்கு வருகிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். ஐப்பசி மழையில் கல்லூரி மூடிக் கிடந்த ஒரு பகலில், லேபில் எழுதிக்கொண்டு வந்த வரிகளை மாற்றி மாற்றிப் போட்டதில் விடை கிடைத்தது. திரையின் நிறங்களைக் குறைத்து இன்னொரு சின்னத் திரையைத் திறந்து, அதற்குள் ஆட்டத்தை ஓட்ட வேண்டும். இத்தனை பழைய ஆட்டத்துக்கு இத்தனை நிறம் ஆகாது, அவ்வளவுதான். கடல் நீலமாக வந்தது. அண்ணன் சேமித்ததைத் திறந்தேன். அவனுடைய கொடி, அவனுடைய முறை.

சட்டப்படி நான் அப்போதே மூடியிருக்க வேண்டும். மவுஸ் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு ஊரைத் தொட்டேன். அந்த ஊரில் என்ன கட்டுகிறார்கள் என்று காட்டும் இடம் காலியாக இருந்தது. அடுத்த ஊர், அதுவும் காலி. எல்லா ஊரும் அப்படித்தான். படைவீரர்கள் ஒருத்தர் விடாமல் தூங்குகிற குறியோடு நின்றார்கள். கஜானா மட்டும் நிரம்பி வழிந்தது. செலவு செய்ய ஆள் இல்லாமல் வரி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அவன் வெகுகாலமாக ஆடவே இல்லை. வெறுமனே முறையை முடித்து முடித்து என்னிடம் தள்ளியிருக்கிறான். நான் பிடித்ததாகப் பீற்றிக்கொண்ட ஊரெல்லாம் கதவைத் திறந்து போட்டிருந்த ஊர்கள்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மழை என்றும் பார்க்காமல் பின்பக்கம் போய் நடந்தேன். என்னைச் சின்னப் பிள்ளையாக்கி விளையாட்டுக் காட்டியிருக்கிறான்! இதை ஓட வைக்கவா நான் இந்தப் பாடு பட்டேன் என்று இருந்தது.

மார்கழியில் அவன் வந்தான். இளைத்திருந்தான். முதல் நாலைந்து நாள் தூங்கினான், சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனான். நான் ஆட்டத்தின் பேச்சையே எடுக்காமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். கடைசியில் அவனே, “கேம் இருக்கா?” என்றான். போட்டுக் காட்டினேன்.

“லினக்ஸ்லயா ஓடுது?” என்று கண்ணை விரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். “பாத்துட்டியா?”

“பாத்துட்டேன். நீ ஆடவே இல்லல்ல? எனக்கு உட்டுக் குடுத்துட்டு இருந்திருக்க.”

“உட்டும் குடுக்கல, ஒண்ணும் குடுக்கல. ஷிஃப்ட் முடிச்சி வந்தா கண்ணு சொக்கும். நீ வாண்ணான்னு நிப்ப. உன் மூஞ்சப் பாத்து வாணாம்னு சொல்ல வராது. நீ பின்னாடி போனதும் நாற்காலியிலயே தூங்கிடுவேன். முழிப்பு வந்ததும் மொறைய முடிச்சிட்டு உன்னக் கூப்புடுவேன்.”

அத்தனை நாளும் அவன் திட்டம் போடுகிறான் என்று பயந்து நான் முருங்கை மரத்தைச் சுற்றியபோது அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். அடுத்தவர் வெளியே போக வேண்டும் என்று சட்டம் போட்டதே நான்தான்.

“அப்புறம் எதுக்கு லீவுல வந்து ஆடுறேன்னு சொன்ன?”

அவன் பையைத் துழாவி அந்தப் பென் டிரைவை எடுத்தான். “ஒரு நாளாச்சும் தூங்காம ஆடணும்னு இருந்திச்சி. அங்க வெள்ளிக்கெழமைன்னா இதப் போட்டுப் பாப்பேன். தொறக்கவே இல்ல. கெட்டுப்போச்சின்னு நெனைக்கறேன்.”

சொருகிப் பார்த்தேன். உள்ளே டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட் படம் மட்டும் இருந்தது. ஆட்டம் இல்லை, ஆட்டத்தைத் திறக்கும் குறி மட்டும். அதைத்தான் இழுத்துப் போட்டு எடுத்துப் போயிருக்கிறான். அந்த வெற்றுக் குறியை வெள்ளிக்கிழமை தவறாமல் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறான். எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, அழவும் வந்தது.

“ஆடுறியா இல்லியா?” என்றேன்.

“நீ மொதல்ல வெளிய போ” என்றான்.

அந்த லீவு முழுக்க ஆடினோம். முதலில் எனக்குச் சந்தேகம் விடவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் காதை வைத்தேன். மவுஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் எல்லையில் அவன் ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். ஒரு ஊர் போனது. அது தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் திரும்பிப் போவதற்கு முந்தின சாயங்காலம், அவனுடைய முறை முடியவே இல்லை. அம்மா அவனுக்குக் கொடுத்தனுப்ப முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். நான் கல்லுக்கும் மரத்துக்குமாக நடந்தேன். உள்ளே மவுஸ் தட்டுகிற சத்தம் நின்றது. தூங்கிவிட்டானோ என்று ஜன்னல் பக்கம் போகத் திரும்பினேன்.

“ஆயிடுச்சி!”

ஓடினேன். அவன் எழுந்து சுவரோரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான். திரையில் என் துறைமுகம் முழுக்க அவன் கப்பல்கள். கஜானாவில் இருந்த அத்தனையையும் கொட்டிக் கட்டியிருக்கிறான். என் தலைநகரத்தின் மேல் அவன் கொடி.

“என்னாடி சத்தம்? தோத்துட்டியா?” என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

“ஆமாம்மா!” என்று துள்ளிக்கொண்டு கத்தினேன். “தோத்துட்டேம்மா!”

நான் கத்திய விதத்தைக் கேட்டு, அம்மா எண்ணெய்க் கரண்டியோடு ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தாள்.