காயில் கருகும் வாசனை

இன்று காலை சட்னி அரைக்கும்போது மிக்ஸி புகைந்தது. உள்ளே மோட்டாரின் செம்புக்கம்பிக் காயில் கருகும் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாகத் தலைக்கு மேல் போய்விட்டது. ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, மிக்ஸிக்குப் பயந்து தலையை மறைக்கிறேன். சிரிக்காதீர்கள்.

அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. வீட்டுக்கு வரும்போது அவர் மேல் காயிலுக்குப் பூசும் வார்னிஷும் பிராந்தியும் கலந்து அடிக்கும். அவரைப் போல மரியாதைக்காரர் தெருவில் கிடையாது. கீரைக்காரியைக்கூட ‘வாங்க அம்மணி’ என்பார். குடித்தால் அம்மாவை அடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழம்பில் உப்பு இல்லை என்று ஸ்பேனரை ஓங்கினார். தடுத்த அம்மாவின் மணிக்கட்டு ஒடிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போதும் அம்மா, “உடுங்க... வலிக்குதுங்க” என்றுதான் கத்தினாள். எங்கள் ஊர்ப் பக்கத்து மரியாதை அடி வாங்கும்போதும் குறையாது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டி, “ஏனுங்க, மெதுவாங்க, கொழந்தை பயப்படுதுங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த ஆளை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

“ஏனுங்கப்பா அம்மாவ அடிச்சீங்க?” ஒரே கேள்வி. சொந்தக் காலில் நின்றதும் நேருக்கு நேர் கேட்பது என்று வைத்திருந்தேன். வேலையும் கிடைத்தது. அதற்குள் அப்பா தன் கடைக்கே வழி தெரியாமல் நடுரோட்டில் நின்றார். ஆர்.எஸ்.புரத்து டாக்டர், “நேத்து எங்க போயிருந்தீங்க?” என்று கேட்டார். நேற்றெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர், “பொள்ளாச்சி சந்தைக்குங்க, மாடு பாக்க” என்று கூசாமல் சொன்னார். அது பொய்யில்லை, குடியில் மூளை கெட்டுவிட்டது, மறந்துபோன இடத்தை இப்படி எதையாவது வைத்து அடைக்கிறது என்றார் டாக்டர். அம்மா கேட்டாள், “திருப்பிக் காயில் கட்ட முடியாதுங்களா?”

ஒரு நாள் டீ டம்ளரை நீட்டிய அம்மாவின் கையை அப்பா பார்த்தார். “கை ஏன் அம்மணி கோணலா இருக்குது?”

நான் விடவில்லை. “அடிச்சு ஒடச்சதுங்கப்பா.”

“எவன்டா அவன்? சொல்லு கண்ணு, மண்டையப் பொளந்துபோட்டு வாரேன்!”

அதே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கண்ணில் பட்ட பக்கத்து வீட்டுக் கேட்டை அடித்து நசுக்கினார். தடுக்க வந்த அந்த மனுஷருக்குக் காதோரம் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். பாவம் என்று சொல்லத்தான் வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அம்மா பின்னாலேயே ஓடினாள். “போச்சாதுங்க, உடுங்க, ஊட்டுக்கு வாங்க.”

வாசலுக்குத் திரும்புவதற்குள் ஸ்பேனர் ஏன் கையில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. “ஏங்கண்ணு அழுவுற, யாரு அடிச்சாங்க?” என்று என்னைக் கேட்டார்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அப்பாவும் போய்விட்டார். ஆனால் அம்மாவை அடித்தவர் அவருக்கும் முன்பே, எனக்குப் பதில் சொல்லாமல் போய்விட்டார்.