சங்கிலி அறுந்த செம்புக் கிண்ணம்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் மேடையில் ஒரு செம்புக் கிண்ணம் இருக்கிறது. உள்ளே ஈயம் பூசியது. விளிம்பைச் சுற்றி நெளிநெளியாகச் செதுக்கு வேலை. பக்கவாட்டில் ஒரு சின்னக் காது, அதிலிருந்து அறுந்த சங்கிலியின் சில கண்ணிகள் தொங்குகின்றன. என் மனைவி அவ்வப்போது புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைப்பாள், ஆனால் அதில் யாரும் எதுவும் குடிப்பதில்லை. கிண்ணம் வந்த புதிதில் என் மகள் அதில் பேனாக்களைப் போட்டு வைத்தாள். நான் எடுத்துவிட்டேன். “தென் வாட் இஸ் இட் ஃபார், அப்பா?” என்றாள். தண்ணீர் குடிக்க, நீதான் பார்த்தாயே என்றேன். அப்புறம் ஏன் குடிப்பதில்லை என்றாள். ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, ஒரு கேள்வியோடு விடமாட்டாள். அது நம்முடையது இல்லை என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்தேன்.

அதைக் கொண்டுவந்தவரை நான் வேலை பார்த்த சைட்டில் எல்லோரும் முஹந்திசா என்றே கூப்பிட்டோம். பெண் எஞ்சினியரை அரபியில் அப்படித்தான் சொல்வார்கள். மொராக்கோ நாட்டில் ஃபெஸ் என்ற பழைய நகரத்துக்காரர். அங்கே விரிசல் விட்டு நின்ற வீடுகளையும் மதரஸாக்களையும் பழைய முறைப்படி சீர்செய்வது அவர் தொழில். ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் சாலையில் ஒரு மால் கட்டினார்கள். அதற்குள் ‘மொராக்கோ வீதி’ என்று ஒரு பகுதி. ஏசி போட்ட வீதி, கண்ணாடி போட்ட வானம். எல்லாம் அச்சு அசலாக ஃபெஸ் போலவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அவரை வரவழைத்தார்கள். நான் அங்கே குழாய் வேலைகளுக்கு வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். அவர் மேஜை என் மேஜைக்கு எதிரில். சிரித்த முகம் என்று பொய் சொல்ல மாட்டேன். எந்நேரமும் யார் மீதாவது எரிந்து விழுவார், வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். என் வரைபடங்களைப் பார்த்து, “இதென்ன, நூடுல்ஸா?” என்று கேட்டவர். ஆரம்பத்தில் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது என்று போகப்போகத்தான் தெரிந்தது. ஃபெஸ் நகரத்தின் சந்துகளில் ஒரு கழுதை நுழைந்தால் மனிதர்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டுமாம். இருபுறமும் மொட்டைச் சுவர்கள். பணக்காரன் வீடு எது, தோல் பதனிடுபவன் வீடு எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. குனிந்து கதவைத் தாண்டி, ஒரு வளைவு திரும்பி உள்ளே போனால்தான் முற்றம், கையால் உடைத்த ஓட்டுச் சில்லுகளைக் கோத்துச் செய்த ஸெல்லிஜ் சுவர், பூப்பூவாகக் குடைந்த சுண்ணச் சாந்து, தேவதாரு மரக் கூரை எல்லாம். “இல்லாதவன் நடந்து போகிற வழியில் உன் செல்வத்தை விரித்துக் காட்டாதே. எங்கள் கட்டடக்கலை அவ்வளவுதான்” என்பார். எங்கள் ஆட்களோ அத்தனை வேலைப்பாட்டையும் கடைகளின் முகப்பில் அப்பினார்கள். அதுவும் அச்சில் வார்த்துப் பெயின்ட் அடித்தது. பின்னால் எட்டிப் பார்த்தால் இரும்புச் சட்டமும் ஏசி டக்டும். வீட்டைச் சட்டை போல உள்புறம் வெளியே தெரிய மாட்டிவிட்டார்கள் என்று முஹந்திசா கத்தினார். “கடை என்றால் வெளியே தெரியத்தானே வேண்டும், மேடம்?” என்றார் எங்கள் புராஜெக்ட் மேனேஜர். அந்தச் சண்டையில் முஹந்திசா தோற்றார்.

தோற்கக் கூடாது என்று அவர் வைத்திருந்தது ஒன்றே ஒன்று, வீதியின் திருப்பத்தில் வரவேண்டிய நீரூற்று. ஃபெஸ் நகரத்தில் தெருவைப் பார்த்து அலங்காரம் செய்துகொண்டு நிற்பது பெரும்பாலும் அதுதான் என்றார். சுவரோடு சேர்ந்த தொட்டி, மேலே ஸெல்லிஜ், அதற்கு மேல் மரத் தாழ்வாரம், நடுவே குழாய். யாரோ ஒருவர் கட்டி வக்ஃபாகக் கொடுத்துவிடுவார். அதன் பிறகு அது அவருக்கே சொந்தமில்லை, தாகத்தோடு வருகிறவனுக்குச் சொந்தம். முஹந்திசாவின் தெருமுனையிலும் அப்படி ஒன்று இருந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு குழாய் வந்தபிறகு அது வற்றிப்போக, சங்கிலியில் தொங்கிய கிண்ணத்தைத் தெருக்காரர்கள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கிண்ணத்தைத்தான் அவர்களிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். தண்ணீர் வரும் இடத்தில் மாட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கியது. மாலில் வரும் ஊற்றில் குடிக்கிற தண்ணீர் வந்தால்தான் வேலைக்கு வருவேன் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஆகட்டும் என்று தலையாட்டித்தான் கூட்டி வந்தார்கள்.

செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் விழுந்தது அதுதான். ஒரு பம்பை வைத்து அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி விட்டால் போதும், மருந்து கலந்துவிடலாம், பார்க்க அழகாக இருக்கும் என்றார் மேனேஜர். “மாலில் வந்து எவன் குழாயில் குடிக்கப் போகிறான்? கலாஸ், பேச்சு முடிந்தது.” முஹந்திசா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வேலை முழுவதும் ஃபெஸ் முறைப்படி நடந்தது என்று தான் எழுதித் தர வேண்டிய சான்றிதழைத் தரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். விளம்பரம் எல்லாம் அந்தச் சான்றிதழை நம்பித்தான் அச்சாகியிருந்தது. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் வந்து, “அந்த அம்மாவுக்கு ஒரு குழாய் போட்டுத் தொலை” என்றார். நான் போட்ட வரைபடங்களிலேயே நான் ரசித்துப் போட்டது அந்தச் சின்ன லைன்தான். மற்றதெல்லாம் கழிவறைக்குப் போனது.

குழாயைப் பதித்தவர் பெரம்பலூர் பக்கத்து பிளம்பர். ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள், இங்கே கேம்ப்பில் ஒரு கட்டில். ஃபெஸ்ஸிலிருந்து வந்த கைவினைஞர்கள் ஸெல்லிஜ் சில்லுகளைக் குப்புற அடுக்கி முதுகில் சாந்து ஊற்றுவதை வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார். நிமிர்த்தி வைத்தபோது நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்ததைக் கண்டு, “யம்மாடி, கோலம் மாரி இருக்கு சார்” என்றார். லைனைத் திறந்த அன்று முஹந்திசா அந்தக் கிண்ணத்தைச் சங்கிலியில் மாட்டி, முதலில் நீ குடி என்று அவரிடம் கொடுத்தார். அவர் தயங்கி என்னைப் பார்த்தார். “நெசமாவே குடிக்கிற தண்ணிதானா சார்? குடிச்சதுக்கு அப்புறம் சம்பளத்துல புடிச்சுக்க மாட்டாங்களே?” என்று கேட்டுவிட்டு, சங்கிலி எட்டிய மட்டும் தூக்கி, அண்ணாந்து, உதடு படாமல் மடமடவென்று குடித்தார். ஏன் வாயில் வைக்கவில்லை என்று முஹந்திசா கேட்டார். அடுத்தவரும் குடிக்க வேண்டுமே, எங்கள் பக்கம் அப்படித்தான் என்றேன். “அப்படியானால் இவர் ஃபெஸ்காரர்” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்த ஊரில் தண்ணீருக்கு மனசில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஷார்ஜாவில் நாங்கள் குடியிருக்கும் ரோலாவின் சந்துகளில், பள்ளிவாசல் சுவரோரமும் வீட்டு மதிலோரமும், ஸ்டீல் கூலர்கள் நிற்கின்றன. இறந்துபோன அம்மா அப்பா பெயரில் யாரோ வைத்தவை. ஆகஸ்ட் வெயிலில் டெலிவரி பைக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் நின்று குடித்துவிட்டுப் போகிறார்கள், யாரும் யார் நீ என்று கேட்பதில்லை. முஹந்திசா அந்தக் கூலர்களைக் கடக்கும்போதெல்லாம் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். இதில் ஸெல்லிஜ் இல்லையே தவிர இதுதான் எங்கள் ஊர் என்பார். அதனால் ஊரை நான் குறை சொல்லவில்லை. பளிங்குத் தரை போட்டவுடன் கூடவே வந்துவிடுகிற ஒரு புத்தி இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். அது எந்த நாட்டுக்காரனுக்கும் வரும், நம் ஆளுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே வரும்.

மால் திறந்து கூட்டம் அலைமோதிய ஒரு வெள்ளிக்கிழமை, பெரம்பலூர்க்காரர் ரூமில் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சென்ட் வாசனை, ஒருவர் நெற்றியில் விபூதி. தான் பதித்த குழாயில் அவர்களுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. வாசலிலேயே செக்யூரிட்டி நிறுத்திவிட்டான். இன்றைக்குக் குடும்பங்களுக்கு மட்டும், பேச்சிலர் மாஃபி, அதாவது குடும்பத்தோடு வராத ஆண்களுக்கு அனுமதி கிடையாது. எனக்குப் போன் வந்தது. நான் மனைவி மகளோடு உள்ளேதான் இருந்தேன், எங்களை யாரும் நிறுத்தவில்லை. வாசலுக்கு ஓடினேன். “நான் வேல பார்த்த எடம் சார்னு சொன்னேன். அப்ப இன்னைக்கு டியூட்டி இருக்கா, ஐடி காட்டுங்கிறான்” என்றார். கோபம்கூட இல்லை அவர் குரலில். கூட்டி வந்தவர்கள் முன்னால் தலை குனிந்திருந்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முஹந்திசா அன்று மாலுக்குள் மொராக்கோ வீதியில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். செக்யூரிட்டி ஆபீசில் போய் என்ன பேசினாரோ, அரபியிலும் பிரெஞ்சிலும் அவர் போட்ட சத்தம் ஊற்று வரை கேட்டது. ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து மெயின்டனன்ஸ் ஆளிடம் கட்டர் வாங்கினார். தான் ஊரிலிருந்து கொண்டுவந்து தன் கையால் மாட்டிய சங்கிலியைத் தானே வெட்டினார். கிண்ணத்தை நிரப்பி, இரண்டு கையாலும் ஏந்தி, சொட்டுச் சொட்டாகப் பளிங்குத் தரையில் சிந்த, செல்பி எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலைத் தாண்டி வெயிலுக்குப் போனார். பிளம்பர் வாங்கி அண்ணாந்து குடித்தார். மறுபடி உள்ளே வந்து நிரப்பினார், மறுபடி வெளியே போனார். வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் குடித்து முடிக்கும்வரை போய்ப் போய் வந்தார். யாரோ வீடியோ எடுத்தார்கள். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குக் கூலி உடனே கிடைத்தது. தரை வழுக்கியது, சுகாதாரக் கேடு, நிர்வாகத்துக்கு அவமானம் என்று காரணங்களுக்கா பஞ்சம்? வால்வை மூடினார்கள். தொட்டியில் பிளாஸ்டிக் பூக்களை நட்டு, முன்னால் கயிறு கட்டினார்கள். சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதால் முஹந்திசா யாருக்கும் தேவைப்படவில்லை, ஒப்பந்தம் முடிந்தது, விசா கேன்சல். பெரம்பலூர்க்காரரை வேறு எமிரேட்டில் ஒரு சைட்டுக்கு மாற்றினார்கள். ஊருக்குக் கிளம்பும் முன் முஹந்திசா ரோலாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்தார், நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து மேஜையில் வைத்தார். எடுத்துப் போங்கள், உங்கள் ஊருடையது என்றேன். “எந்த முகத்தோடு எடுத்துப் போவேன்? தண்ணீர் வரும் இடத்தில் மாட்டுவதாகச் சொல்லி வாங்கியது. இது எனக்கும் சொந்தமில்லை, உனக்கும் சொந்தமில்லை. அந்தக் குழாயில் என்றைக்காவது தண்ணீர் வந்தால் மாட்டிவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு” என்றார்.

போன மாதம் மாலின் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் போன் செய்தார். பழைய வரைபடத்தில் என் பெயரைப் பார்த்துத் தேடிப் பிடித்திருக்கிறார். ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு குடிதண்ணீர் லைன் இருக்கிறதாமே, அதைத் திறக்கப் போகிறோம், வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டார். இடப்பக்கச் சுவரில் சின்னப் பலகைக் கதவுக்குப் பின்னால் என்று சொன்னேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. முஹந்திசாவுக்குச் செய்தி அனுப்பினேன், தண்ணீர் வரப்போகிறது என்று. உடனே பதில் வந்தது: மாட்டு, போட்டோ அனுப்பு. என் மனைவி கிண்ணத்தை இன்னொரு தடவை புளி போட்டுத் தேய்த்தாள். புதுச் சங்கிலி ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி மழித்துக்கொண்டு போனேன்.

ஊற்றின் முன்னால் ஒரு காபிக் கடை முளைத்திருந்தது. ஸெல்லிஜ் சுவரை அப்படியே பின்னணியாக வைத்துக்கொண்டு, பித்தளை விளக்குகள் தொங்க, ஃபெஸ் என்றே பெயர் போட்டிருந்தார்கள். தொட்டியில் அதே பிளாஸ்டிக் பூக்கள், நிறம் மட்டும் வெளுத்திருந்தது. ஊற்றின் குழாய் இருந்த துளையை அடைத்திருந்தார்கள். பக்கத்தில் மண்டியிட்டு ஏதோ முறுக்கிக்கொண்டிருந்த பிட்டரிடம் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். காபி மெஷினுக்குப் பின்னால் போன பளபளக்கும் குழாயைக் காட்டி, “வருது சார், நல்ல பிரஷர்” என்றார். நம் ஊர்க்காரர்தான். பெரம்பலூர்க்காரர் பதித்த லைன், நான் வரைந்த லைன். ஒரு பெண்மணி தன் வேலையைக் கொடுத்து வாங்கிய தண்ணீர் அந்த மெஷினுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

வந்தது வந்தாயிற்று என்று பையிலிருந்து கிண்ணத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்து, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். வெளியிலிருந்து கொண்டுவரும் பாத்திரத்தில் ஊற்ற அனுமதி இல்லை, சாரி சார் என்றாள். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்து விலையைச் சொன்னாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடிவந்தாள். “வாட்டர் வந்துச்சா, அப்பா?” வந்தது என்றேன். போனில் முஹந்திசா, போட்டோ எங்கே என்று கேட்டிருந்தார். கிண்ணத்தைத் துடைத்து ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்தேன். அவருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.