பில்லை வாயில் கவ்வாதே, ஜெனிபர்

குடும்பத் தலைவி உத்தியோகத்தில் சமையல் சின்ன வேலை. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் சந்தேகப்படுவதுதான் பெரிய வேலை. சந்தேகப்பட்டால் "இவளுக்கு வேற சோலி இல்லை" என்பார்கள். படாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் "நீ பாத்திருக்கக் கூடாதா" என்பார்கள். இதைப் படிக்கிற உங்களுக்கும் இந்த இரண்டும் தாராளமாகக் கிடைத்திருக்கும் என்பதால் கூச்சப்படாமல் சொல்கிறேன்.

வழுவழுத் தாள்

என் மருமகள் ஜெனிபர் கொடைக்கானல் பஜாரில் ஒரு சாக்லேட் கடையில் பில் போடுகிறாள். ஐந்தாம் மாதம். செக்கப்புக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா என்ன வேலை என்று கேட்டுவிட்டு விளக்கினார். அந்த வழுவழு பில்லில் மையே கிடையாதாம். தாளில் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்தாம். அந்தப் பூச்சு விரலில் ஒட்டும், அதில் உடம்பின் ஹார்மோனோடு விளையாடுகிற சரக்கு இருக்கிறது, கையில் கிரீமோ சானிடைசரோ இருந்தால் இன்னும் வெரசாக உள்ளே போகும். "பயப்பட வேண்டாம். ஆனா இந்த நேரத்துல எவ்வளவு கம்மியாத் தொடுறீங்களோ அவ்வளவு நல்லது" என்றார்.

எங்கள் ஊர்க் குளிரில் கிரீம் தடவாத கை பாளம் பாளமாக வெடிக்கும். ஜெனிபரின் மேஜையில் இந்தப் பக்கம் கிரீம் டப்பா, அந்தப் பக்கம் சானிடைசர் பாட்டில், நடுவில் பில் மெஷின். டவுன் பஸ்ஸில் செண்பகனூருக்குத் திரும்பும்போது, கையை நன்றாகத் துடைத்துவிட்டாவது பில்லைத் தொடு என்றேன். அவள் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "கையில எங்கத்தே பிடிக்கிறேன்? கூட்ட நேரத்துல ரெண்டு கையும் பை கட்டிக்கிட்டு இருக்கும், பில்லு வாயில இருக்கும்."

பச்சை இலை

மறுநாள் வெள்ளனே கடைக்குப் போய்விட்டேன். முதலாளி பாய் நல்ல மனிதர். ஸ்டூல் எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. ஒரு பில்லை எடுத்து நகத்தால் கீறினேன். பளிச்சென்று கறுப்புக் கோடு விழுந்தது. "பாருங்க பாய், பேனா இல்லாமலே எழுதுது. இதைத்தான் மாசமா இருக்கிற பிள்ளை பகல் பூரா வாயில கவ்விக்கிட்டு நிக்குது. அவளை வேற வேலைக்கு மாத்துங்க" என்றேன்.

அவர் பேப்பர் ரோல் வந்த பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். இன்ன ரசாயனம் இதில் இல்லை என்று ஆங்கிலத்தில், பச்சை இலைப் படத்தோடு போட்டிருந்தது. கான்வென்டில் சிஸ்டரிடம் குட்டு வாங்கிக்கொண்டு கெமிஸ்ட்ரி படித்தவளிடம் இலையைக் காட்டுகிறார். ஒரு ரசாயனத்தை எடுத்துவிட்டு அதன் கூடப்பிறந்த இன்னொன்றைப் பூசுகிறார்கள் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். "அது இல்லை, சரி. அதுக்குப் பதிலா என்ன இருக்கு? அதை எங்க எழுதியிருக்கான்?" என்றேன். பெட்டியின் ஆறு பக்கத்தையும் இருவரும் சேர்ந்தே தேடினோம். எங்கும் இல்லை. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யக்கா, இல்லாததத்தான் எழுதுவான். இருக்கறத எழுதுனா எவன் வாங்குவான்?"

தூக்குச்சட்டி

அன்று சாயங்காலம் இருந்த எரிச்சலில் அடுப்புப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஜெனிபருக்கு வேறு பரோட்டா ஆசை. எங்கள் மலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை. அதற்கான போர்டு பரோட்டாக் கடைச் சுவரில் இருக்கும், கவர் மேஜைக்கு அடியில் இருக்கும். கொதிக்கிற சால்னாவை அந்தக் கவரில் ஊற்றிக் கட்டினால் அதில் இருக்கிற கண்ட சரக்கும் சால்னாவோடு வீட்டுக்கு வரும் என்று எவர்சில்வர் தூக்குச்சட்டியைக் கையோடு கொண்டுபோனேன்.

மாஸ்டர் மரியாதையாகத்தான் தூக்கை வாங்கி வைத்தார். பிறகு குனிந்து ஒரு கவரை உருவினார். வாயால் ஊதி விரித்தார். கொதிக்கிற சால்னாவை அதில் மூன்று கரண்டி ஊற்றினார். கவரைத் தூக்கிப் பார்த்துத் திருப்தியானதும், அப்படியே என் தூக்கில் கவிழ்த்தார். "அப்ப நான் தூக்கு எதுக்குங்க கொண்டு வந்தேன்?" என்றேன். அவர் மூடியைப் போட்டு அழுத்திக் கொடுத்தார். "என்னக்கா கோவிச்சுக்கிறீங்க, கவர்ல ஊத்துனாத்தான எனக்கு அளவு தெரியும்."

பூசைக்குப் பிறகு டீ

ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் டீ கொடுத்தார்கள். பேப்பர் கப். பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டோம் என்ற பெருமை எல்லார் முகத்திலும். ஜெனிபர் ஆவி பறக்கும் கப்பை உதட்டுக்குக் கொண்டுபோகும்போது நான் பிடுங்கினேன். "வயித்துப் பிள்ளைக்காரி கையில இருந்து டீயப் புடுங்குறாளே" என்று பின்னால் ஒரு குரல். மாமியார் கொடுமை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

டீயைச் செடிக்கு ஊற்றினேன். ஊறிய கப்பை நகத்தால் நெம்பி உள்பக்கத்தை உரித்தேன். மெல்லிசாக, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தோல் வந்தது. அதை விரலில் தொங்கவிட்டு ஒவ்வொரு பெஞ்சாகக் காட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் ஒழுகாத காகிதம் என்ன காகிதம் என்று இத்தனை பேரில் ஒருத்திகூட யோசிக்கவில்லையா? பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பிலோமினாதான் இப்போது மாதர் சங்கத் தலைவி; கப் வாங்கியவளும் அவள்தான். தன் கப்பைப் பாதியில் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தாள். "ரெஜினா, எல்லாரும் குடிச்சு முடிச்சப்புறம் நீ உரிச்சிருக்கலாம்ல? இப்ப ஒருத்திக்கும் எறங்க மாட்டேங்குது."

அதே நாற்காலி

பாயை நான் விடவில்லை. தினமும் போய் ஒரு பில்லைக் கீறி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். ஒன்பதாவது பில்லில் ஜெனிபரை உள் அறைக்கு மாற்றினார். சாக்லேட் எடை போட்டு அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. பில்லும் இல்லை, சானிடைசரும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்குப் பாயசமே வைத்தேன்.

அடுத்த வாரம் அவளைக் கூட்டிவரப் போனேன். பஸ் பஸ்ஸாக டூரிஸ்ட் கூட்டம். பில் மெஷினுக்குப் பின்னால் புதுசாக ஒரு பெண். இரண்டு கையாலும் பை கட்டிக்கொண்டிருந்தாள், உதட்டுக்கு நடுவே பில். நாலாம் மாதம் என்று ஜெனிபர் என் காதோரம் சொன்னாள். எனக்கு ஏறிய கோபம் பாய் மேலா, மெஷின் மேலா, பாயசம் வைத்த என் மேலேயா என்று தெரியவில்லை. "நீ அவகிட்ட சொல்லலையாடி?" என்று ஜெனிபர் மேல் பாய்ந்தேன். அவள் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "சொன்னேன் அத்தே. புது வேலை, கேக்கப் பயமா இருக்குங்குறா. அவளுக்காக வந்து கத்துறதுக்கு யாரு இருக்கா, மாமியார் போளூர்ல கெடக்காங்க."

ஆகவே நாளை வெள்ளனே மறுபடியும் நகத்தோடு அந்தக் கடைக்குப் போகிறேன். ஒரு மருமகளுக்காகச் சண்டையில் இறங்கினால் பாக்கி மருமகள்களும் நம் தலையில் வந்து சேருகிற உத்தியோகம் இது.