கால் மாத்திரை

மாத்திரையை வெட்டுவதற்கென்றே ஒரு டப்பா கடையில் விற்கிறது என்பது, மாத்திரையைக் குறைக்கச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் வருஷக்கணக்காக விழுங்கிவந்ததைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம். முழுசிலிருந்து பாதி, பாதியிலிருந்து கால் என்று மெதுவாக இறங்க வேண்டும் என்றார் ராமநாதபுரத்து டாக்டர். சொல்வது சுலபம். அந்த மாத்திரையே உளுந்து அளவுதான். கத்தியை வைத்தால் ஒரு துண்டு கிரைண்டருக்கு அடியில் ஓடிவிடும், இன்னொன்று பொடியாகிவிடும். பாக்குவெட்டியை எடுத்து விரலை வெட்டிக்கொண்டதும் உண்டு.

இந்த டப்பா நீல பிளாஸ்டிக். உள்ளே முக்கோணமாக ஒரு பள்ளம், மூடியில் பிளேடு. பள்ளத்தின் மூலையில் மாத்திரையை ஒட்டிவைத்து ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். தயங்கினால் நொறுங்கும். நானோ தயங்குகிற ஆள். வெட்டிய பிறகும் இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்து, எது பெரிசு என்று பார்த்துக்கொண்டே நிற்பேன்.

"தங்கமா அது, எடை பாக்குறீக?" என்பாள் மனைவி. அவளுக்கென்ன, சிரிப்பாள். கடுகளவு குறைந்தாலும் மத்தியானத்துக்கு மேல் கை நடுங்குமே என்று எனக்குப் பயம்.

கடலாடியிலிருந்து அவளுடைய அண்ணன் குடும்பம் வந்தது. தனுஷ்கோடி பார்க்க வேன் பிடித்தார்கள். மாத்திரை விஷயம் அவர்களுக்குத் தெரியாது. மச்சானுக்குத் தெரிந்தால் கடலாடிக்கே தெரிந்த மாதிரி. அட்டையோடு எடுத்துப்போனால் பயத்தில் முழுசாக விழுங்கிவிடுவேன். அதனால், அன்றைய கால் துண்டை வெட்டிக்கொள்ளப் பாதி மாத்திரையை மட்டும் டப்பாவில் போட்டுக்கொண்டேன். முன்கூட்டி வெட்டிவைத்தால் உப்புக்காற்றில் உதிர்ந்துவிடுகிறது, வேண்டும்போதுதான் வெட்டுவேன்.

தனுஷ்கோடியில் எல்லாரும் கடைக் கொட்டகையில் மீன் வறுவலுக்கு உட்கார்ந்ததும் வேனுக்குப் பின்னால் நழுவினேன். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அமுக்கினேன். சுத்தமான வெட்டு. அந்தச் சந்தோஷத்தில் மூடியை முழுக்கத் திறந்துவிட்டேன். அந்தக் காற்று ஒரு பக்கமிருந்தா அடிக்கிறது? இரண்டு துண்டும் போயே போய்விட்டன.

மண்டியிட்டு மணலைத் துழாவினேன். அங்கே வெள்ளையாக இல்லாதது எது? எல்லாம் சிப்பித் துணுக்கு. ஒவ்வொன்றாகப் பொறுக்கி நாக்கில் வைத்தேன்; கசக்கவில்லை, துப்பினேன். நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. காற்றின் மேல், டப்பாவைச் செய்தவன் மேல், மச்சான் மேல், வறுத்த மீன் மேல்கூடக் கோபம் வந்தது.

"என்ன மாப்ள, அங்கன எதத் தேடுறீக?" மச்சான் கொட்டகையிலிருந்து கத்தினார்.

மனைவி ஓடிவந்தாள். "மோதிரத்துக் கல்லு விழுந்துருச்சாம்ணே, நான் பாத்துக்கிறேன்." என் விரலில் மோதிரமே கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்து அவளும் துழாவினாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

"இந்தா, இங்கன கெடக்கு" என்று எதையோ எடுத்தவள், நான் வாங்கிப் பார்க்குமுன் என் வாயிலேயே போட்டாள். தண்ணீர் பாட்டிலையும் திறந்து நீட்டினாள்.

கசக்கவில்லை. பல்லில் நறநறத்தது. அவள் கண் என் முகத்தைவிட்டு அசையவில்லை. பாட்டிலை இன்னும் கிட்டத்தில் நீட்டினாள். துப்ப மனம் வரவில்லை. விழுங்கினேன்.

திரும்பும்போது வேனில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். பாம்பன் பாலத்தில் ஏறும்போது வேர்த்துக்கொட்டியது; இறங்கும்போதும் வேர்த்தது. ஆனால் இறங்கிவிட்டேன். மச்சான் மிளகாய் விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டு வர, நானும் ஏதோ பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மண்டபம் தாண்டியதும் அவள் என் காதருகே குனிந்தாள்.

"கசந்துச்சா?"

"நல்லாக் கசந்துச்சு" என்றேன்.

அப்பாடா என்று என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பல்லிடுக்கில் மாட்டியிருந்த சிப்பித் துணுக்கை, அவள் பார்த்துவிடுவாளே என்று, வீடு வரும்வரை நான் எடுக்கவில்லை.