பஞ்சு வைத்த காதுக்கு மைக்

முன்பு அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு போனில் பதில் சொல்லும் வேலையில் இருந்தேன். அவர்களோடு பேச ஏதாவது விஷயம் வேண்டுமே என்று ஓர் ஊரின் பேஸ்பால் அணியைப் பார்க்கத் தொடங்கினேன். வேலை போனது. அணி போகவில்லை.

இப்போது செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில், சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். அமெரிக்காவில் ராத்திரி நடக்கும் ஆட்டம் நமக்குக் காலை. அப்போது நான் திருக்கழுக்குன்றத்தில் வீட்டில் சமைத்துக்கொண்டோ கம்பெனி பஸ்ஸிலோ இருப்பேன். அதனால் முடிவு கண்ணில் படாமல் பகலை ஓட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்ப்பேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளருக்கு இது தெரிந்துவிட்டது. தினமும் பஸ்ஸில் ஏறியதும் என் பக்கம் குனிவார்.

"இன்னாம்மா, உன் டீம் புட்டுகிச்சே! பாத்தியா, இல்லியா?"

"சொல்லாதீங்க அண்ணாத்த. சாயங்காலம் பாக்கணும்."

"அதுக்குத்தான் சொல்றேன்!"

பஸ்ஸே சிரிக்கும். எங்கள் ஆள் கடைசிப் பந்தில் அடித்து ஜெயித்த ஆட்டத்தைக்கூட அவர் வாயால்தான் அறிந்தேன். அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவருக்கும் ஒருநாள் வரும், வர வைப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சரக்கு இருப்பு எடுக்க எல்லோரையும் வரச் சொன்னார்கள். போன்களை கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அன்று மதியம் அவருடைய கிரிக்கெட் அணிக்கு வாழ்வா சாவா ஆட்டம். தோற்றால் வெளியே.

"யாரும் ஸ்கோர் சொல்லக் கூடாது. வூட்டுக்குப் போயி முழுசா பாக்கப் போறேன்" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

பொழுது சாயும் நேரம், கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். அங்கே டிவி ஓடியது. கடைசி ஓவர் முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். லாரி டிரைவர்களைக் கூப்பிடும் மைக் என் மேசையில் இருக்கிறது. அதன் முன்னால் குண்டூசி விழுந்தால்கூடச் சரக்குக் கொட்டகை முழுக்கக் கேட்கும்.

"ஸ்டோர்ஸ் அண்ணாத்த கவனத்துக்கு. உங்க டீம் புட்டுகிச்சு. கடைசிப் பந்துல, ஒரே ஒரு ரன்னுல."

அவர் பஞ்சைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"இன்னாம்மா, இப்படிப் பண்ட்ட?"

"பாத்தீங்களா, இல்லியா?" என்றேன்.

மைக்கை விளையாட்டுக்குப் பயன்படுத்தியதாக மேலாளர் திட்டினார். எனக்கு அது காதிலேயே விழவில்லை. உடம்பெல்லாம் அப்படி ஒரு குளிர்ச்சி.

அந்த அக்டோபரில் என் அணி கடைசிக் கட்டம்வரை வந்தது. இறுதி ஆட்டத்தன்று அவர் பஸ்ஸில் ஏறி, வாய் திறக்காமல் பின் ஸீட்டுக்குப் போனார். சாயங்காலம் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்து பார்த்தேன். தோற்றோம். தேம்பித் தேம்பி அழுதேன். யாரும் முன்னமே எச்சில் பண்ணாத அழுகை.

சமீபத்தில் அவர் வந்து, "போனதெல்லாம் மறந்துடும்மா" என்றார். மறக்கிற உத்தேசம் எனக்கில்லை.